மரம் போன முற்றம், வெளுத்த வெற்றிலை: பழைய இலை ஏன் கருகியது, புது இலை எப்படித் தப்பியது?

முத்தியால்பேட்டை மாடி | மே 24, இரவு 9:40

வணக்கம். தோட்டப் பகுதியில் போடுவதா, அறிவியல் பகுதியில் போடுவதா என்று தெரியாமல் இங்கே போடுகிறேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு. பின்கட்டில் சின்ன முற்றம். பக்கத்து வீட்டு வாதாமரம் மதிலைத் தாண்டி வந்து முற்றம் முழுக்கக் குடை பிடித்திருந்தது. அந்த நிழலில் ஒரு வெற்றிலைக் கொடி. மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த துண்டு, ஆறு வருஷமாகச் சுவரைப் பிடித்து ஏறியிருந்தது. ஏப்ரல் கடைசியில் மரத்தை வெட்டிவிட்டார்கள். மதிலில் விரிசல் விழுந்துவிட்டது, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நாலே நாளில் இலைகள் வெளுக்கத் தொடங்கின. பழுத்த இலையின் மஞ்சள் எனக்குத் தெரியும், இது வேறு. துவைத்துத் துவைத்துச் சாயம் போன பச்சைப் பாவாடை மாதிரி ஒரு வெளுப்பு. அப்புறம் அந்த வெளுப்பின் நடுவில் பழுப்பாகக் கருகல். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன், மண் ஈரமாகத்தான் இருந்தது.

புரியாத விஷயம் இரண்டு. ஒரு பெரிய இலையை இன்னொரு இலை பாதி மூடிக் கிடந்தது. மேல் இலையைத் தூக்கிப் பார்த்தால், கீழ் இலையில் அதன் அச்சு அப்படியே பச்சையாக இருக்கிறது. நுனி வளைவுகூடத் தப்பவில்லை. ஒரே இலையில் பாதி வெளுப்பு, பாதி கரும்பச்சை, நடுவில் கத்தியால் கீறின மாதிரி கோடு.

அடுத்து, மே பத்துக்கு மேல் அதே கொடியில் துளிர்த்த இலைகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. அதே கத்திரி வெயில், அதே சுவர். சின்னதாக, தடிப்பாக, கொஞ்சம் வெளிர்பச்சையாக ஜம்மென்று இருக்கின்றன. வேர் ஒன்று, தண்ணீர் ஒன்று. பழசுக்கு ஒரு நீதி, புதுசுக்கு ஒரு நீதியா?


சுண்ணாம்பு டப்பா | மே 24, இரவு 9:52

புது இலை புதிய ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருக்கும். சரி, விவரம் தெரிந்தவர்கள் வாருங்கள். நான் பாக்கு சீவிக்கொண்டிருக்கிறேன்.


மண்புழு மாமா | மே 24, இரவு 10:15

தழைச்சத்துக் குறைதான் அம்மா. கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துத் தெளிவை ஊற்றுங்கள். பத்து நாளில் பச்சை ஏறிவிடும்.


வில்லியனூர்க்காரன் | மே 24, இரவு 10:31

உச்சி வெயிலில் இலை மேல் தண்ணீர் தெளித்தீர்களா? துளி பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும். எங்கள் வீட்டில் அதனால்தான் ஆறு மணிக்கு மேல் தெளிப்போம்.


பச்சையம் | மே 25, காலை 6:20

கடலூரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த நிழல் அச்சைப் படித்ததும் தூக்கம் போய்விட்டது, அக்கா. வகுப்பில் படம் வரைந்து காட்டுவதை உங்கள் முற்றம் செய்து காட்டியிருக்கிறது.

மண்புழு மாமா, தழைச்சத்து குறைந்தால் அடியிலை மொத்தமும் ஒரே சீராக மஞ்சளாகும். ஓர் இலைக்குள் கோடு போட்டுப் பிரிக்காது. எந்த இலை மேலே, எந்த இலை கீழே என்று உரத்துக்குத் தெரியாது, வெயிலுக்குத்தான் தெரியும். புண்ணாக்குத் தண்ணீர் இப்போது வேண்டாம். அடிபட்ட செடிக்கு விருந்து வைப்பது போல ஆகிவிடும்.

துளி பூதக்கண்ணாடிக் கதையை ஹங்கேரி ஆய்வாளர்கள் சோதித்து 2010-இல் எழுதினார்கள். வழவழப்பான இலையில் துளி படிந்து உட்கார்ந்துவிடுவதால் வெயில் குவியும் இடம் இலையைத் தாண்டிக் கீழே போய்விடுகிறது. இலை சுடுவதில்லை. ரோமம் அடர்ந்த இலையில் துளி ரோமத்தின் நுனியில் ஏறி நின்றால் சுடலாம். வெற்றிலைக்கு அந்தப் பயம் இல்லை. ஆனாலும் ஆறு மணிக்கு மேல் ஊற்றுவது நல்ல பழக்கம், தண்ணீர் ஆவியாகி வீணாகாது.

இது வெளிச்சத்தால் வந்த காயம். அக்கா, கைபேசியில் ஒளி அளக்கும் செயலி ஒன்றை இறக்கி மூன்று இடத்தில் அளந்து போடுங்களேன். துல்லியமாக வராது, பரவாயில்லை.


முத்தியால்பேட்டை மாடி | மே 25, பகல் 12:48

அளந்தேன். வெற்றிலைச் சுவர், பகல் பன்னிரண்டரைக்கு: 96,000 லக்ஸ். மதிலோரம் இன்னும் கொஞ்சம் நிழல் இருக்கும் மூலை: 4,100. கூடத்தில் ஜன்னலோரம்: 600. கூடத்தில் எனக்கு நல்ல வெளிச்சமாகத்தானே தெரிகிறது?


பச்சையம் | மே 25, இரவு 8:05

கண் நம்மை ஏமாற்றும். கருவிழி சுருங்கி விரிந்தும், விழித்திரை பழகியும் சமாளித்துவிடுவதால் 600-க்கும் 96,000-க்கும் உள்ள வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. இலைக்குக் கருவிழி கிடையாது. உங்கள் கொடி ஆறு வருஷம் நாலாயிரம் லக்ஸில் குடித்தனம் நடத்தியது. ஒரே நாளில் அது இருபது மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

வெளிச்சம் செடிக்குச் சாப்பாடுதானே, கூடினால் என்ன கெடுதல் என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பிள்ளை கேட்கும். நான் ஏரியை வைத்துச் சொல்வேன். பாகூர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். மழை எவ்வளவு பெய்தாலும் மதகு வழியாக வயலுக்குப் போகும் தண்ணீருக்கு ஓர் அளவு உண்டு. அதற்கு மேல் வந்தால் கலங்கல் வழியாக வழிய வேண்டும். வழிய இடம் இல்லாவிட்டால் கரை உடையும்.

இலையில் பச்சையம்தான் மழையைப் பிடிக்கும் நீர்ப்பிடிப்பு. பிடித்த ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவைச் சர்க்கரையாக்குவது மதகு. அந்த வேலையைச் செய்யும் ரூபிஸ்கோ என்ற நொதி மகா மந்தம், நொடிக்குச் சில மூலக்கூறுதான் முடிக்கும். நெல்லின் தனி இலையை எடுத்தால், முழு வெயிலில் ஏறக்குறைய பாதியைத் தாண்டியதுமே அதன் மதகு நிறைந்துவிடும். நிழல் செடிக்குப் பத்தில் ஒரு பங்கே அதிகம். நெல்லிக்குப்பம் பக்கத்துக் கரும்பு விதிவிலக்கு. கரியமில வாயுவை அடர்த்தியாக்கி ரூபிஸ்கோவிடம் தள்ளும் ஏற்பாடு அதற்கு உண்டு, உச்சி வெயிலிலும் இன்னும் கொண்டா என்னும்.

மதகு நிறைந்த பிறகும் பச்சையம் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டேதான் இருக்கும், அதற்கு நிறுத்தத் தெரியாது. ஆற்றலைக் கையில் வைத்துக்கொண்டு தவிக்கும் பச்சையம் கடைசியில் அதைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனிடம் தள்ளிவிடும். அப்படி ஆற்றல் ஏறிய ஆக்சிஜன் தொட்டதையெல்லாம் அரிக்கும், பச்சையம் உட்பட. உங்கள் இலையின் வெளுப்பு அதுதான்.


பாகூர் மடை | மே 25, இரவு 8:40

சார், ஒரு சின்னத் திருத்தம். எங்கள் ஏரியை இழுத்துவிட்டதால் சொல்கிறேன். கலங்கலுக்குக் கதவு கிடையாது. மட்டம் தாண்டினால் தானாக வழியும், இறங்கினால் தானாக நிற்கும். இலையிலும் அப்படித் தானாகத்தான் வழிகிறதா, இல்லை யாராவது ஷட்டர் திறக்கிறார்களா?


பச்சையம் | மே 25, இரவு 9:25

நல்ல கேள்வி, என் உவமையில் ஓட்டை இருந்த இடத்தில் சரியாக விரலை வைத்துவிட்டீர்கள். இலையில் இருப்பது ஷட்டர்தான்.

வெளிச்சம் கூடும்போது, செல்லில் பச்சையம் இருக்கும் உறுப்பான பசுங்கணிகத்துக்குள் உள்ள மெல்லிய பைகளில் அமிலம் ஏறும். அதுதான் மட்டக்கோல். அமிலம் ஏறியதும் ஒரு நொதி விழித்துக்கொண்டு, வயலாசாந்தின் என்ற மஞ்சள் நிறமியை ஸியாசாந்தின் என்ற இன்னொரு மஞ்சள் நிறமியாக மாற்றும். மக்காச்சோளத்துக்கு மஞ்சள் கொடுப்பது இதுவே. மக்காச்சோளத்தின் தாவரவியல் பெயரான ஸியாவிலிருந்துதான் பேரே வந்தது. ஸியாசாந்தின் சேர்ந்ததும், பி.எஸ்.பி.எஸ். என்று ஒரு புரதம் கைகொடுக்க, வெளிச்சத்தைப் பிடிக்கும் தொகுதியே குணம் மாறிவிடும். வேலைக்கு ஆகாத ஆற்றலை வெறும் சூடாக வெளியே விட்டுவிடும். திறக்கச் சில நிமிடம் போதும்.

மூடும்போதுதான் சோம்பல். மேகம் மறைத்ததும் வெளிச்சம் நொடியில் குறைந்துவிடுகிறது. ஆனால் ஸியாசாந்தின் திரும்ப வயலாசாந்தின் ஆகப் பல பத்து நிமிடம் ஆகும். அதுவரை, உள்ள கொஞ்ச வெளிச்சத்தையும் இலை சூடாக வெளியே கொட்டிக்கொண்டிருக்கும். வெள்ளம் வடிந்த பிறகும் ஷட்டரை இறக்க ஆள் வராத ஏரி.

அக்காவின் கொடியிலும் இந்த ஷட்டர் உண்டு. ஆனால் நிழலில் கட்டின ஏரிக்கு யார் பெரிய ஷட்டர் வைப்பார்கள்? நிழல் இலை கட்டப்படுவதே வேறு கணக்கில். அகலம் அதிகம், தடிப்பு குறைவு. விழும் வெளிச்சத்தில் ஒரு சொட்டையும் விடக்கூடாது என்று பிடிக்கும் நிறமியை நிறைய வைத்திருக்கும். ரூபிஸ்கோ கொஞ்சமாகத்தான் இருக்கும். புனல் பெரிது, குடம் சிறிது. அதே இலையை வெயிலில் நிறுத்தினால் பெரிய புனல்தான் எமன்.

வெயில் இலைக்குப் புனல் சிறிது, குடம் பெரிது. தூண் மாதிரி நிற்கும் செல்கள் இரண்டு மூன்று அடுக்கு, மஞ்சள் நிறமிகள் கூடுதல், எடைக்குப் பச்சையம் குறைவு. நீங்கள் சொன்ன சின்ன, தடித்த, வெளிர்பச்சை இலை அச்சு அசலாக அதுதான். விரிந்து முடிந்த இலையில் புது அடுக்குச் செல் கட்ட முடியாது. உள்ளே நிறமிகளை, நொதிகளை ஒரு வாரம் பத்து நாளில் ஓரளவு மாற்றிக்கொள்ளலாம், அதற்குள் வெயில் முந்திவிட்டது. புது இலை மொட்டாக இருந்தபோதே வெயில் வந்துவிட்டதால் அந்த வெயிலுக்கு அளவெடுத்துத் தைத்துக்கொண்டது.


பண்ருட்டி பலா | மே 26, காலை 5:50

தம்பி சொல்வதை நான் 2011-லேயே கண்ணால் பார்த்தேன். தானே புயல் டிசம்பர் 30 விடியக்காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியது. எங்கள் பக்கத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது, சாயாமல் நின்றது.

பெரிய பலாவுக்கு அடியில் நான் போட்டிருந்த கன்றுகள் புயலுக்குத் தப்பின. தலைக்கு மேல் இருந்த மரம் மட்டும் இல்லை. பொங்கல் கழிந்து பார்த்தால் கன்றுகளின் இலை தெற்குப் பக்கம் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. உப்புக் காற்று அடித்ததால்தான் என்றார்கள். உப்பு என்றால் எல்லாப் பக்கமும் அல்லவா கருக வேண்டும்? தை மாதம் சூரியன் தெற்கே சாய்ந்து போகிறது, அந்தப் பக்கம்தான் சுட்டிருக்கிறது. அதுவரை நிழலிலேயே இருந்த ஒரு பெரிய மரத்தின் அடித்தண்டில் பட்டைகூட வெடித்தது. சுண்ணாம்பு அடித்தேன். கன்றுகளுக்குத் தென்னங்கீற்று சாய்த்து வைத்தேன். பங்குனியில் புதுத் துளிர் வந்த பிறகு கீற்றை ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்த பங்காளிக்குப் பாதிக் கன்று போயிற்று.

வெற்றிலைக் கொடிக்காலில் முதலில் அகத்தியை விதைத்து, அது தலை தூக்கிய பிறகுதானே கொடியை நடுகிறார்கள்? கொடி ஏற ஒரு கொம்பு, தலைக்கு மேல் ஒரு சல்லடை. அகத்திக் கிளையைக் கழிப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. மொத்தமாக மொட்டையடிக்க மாட்டார்கள்.


பச்சையம் | மே 26, காலை 7:10

ஐயா, தெற்குப் பக்கக் கணக்கை அடுத்த வருஷம் வகுப்பில் சொல்லப் போகிறேன், பேர் சொல்லாமல். அகத்தியின் சல்லடை நிழல் என்பதும் சாதாரண விஷயம் இல்லை. அங்கே வெளிச்சம் ஒரே சீராக இருப்பதில்லை. காற்று அசைய அசைய வெயில் பொட்டுப் பொட்டாக இலை மேல் ஓடும், ஒரு பொட்டு சில நொடி நிற்கும், போய்விடும். நிழலில் வாழும் செடிக்கு ஒரு நாளில் கிடைக்கும் வெளிச்சத்தில் கணிசமான பங்கு இந்தப் பொட்டுகளில்தான் வருகிறது. பொட்டு வந்ததும் இலைத்துளை திறந்து, ரூபிஸ்கோ விழித்து முழு வேகம் பிடிக்கப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அடிக்கடி பொட்டு விழுந்தால் இயந்திரம் சூடு ஆறாமல் தயாராக இருக்கும்.


நெல்லிக்குப்பம் பிளஸ் டூ | மே 26, மாலை 5:30

சார், வெயில் கூடினால் பசுங்கணிகமே செல்லுக்குள் இடம் மாறி ஓடிவிடும் என்று படித்தேன். உண்மையா? வீட்டில் செய்து பார்க்க முடியுமா?


பச்சையம் | மே 26, இரவு 7:45

உண்மை. வெளிச்சம் குறைவாக இருந்தால் பசுங்கணிகங்கள் செல்லின் மேல் சுவரில் பாய் விரித்த மாதிரி பரவிக் கிடக்கும். கூடினால் பக்கச் சுவரோரம் ஒதுங்கி, ஒன்றன் பின் ஒன்றாக நிழலுக்கு நிற்கும், மத்தியானம் பேருந்து நிறுத்தத்தில் கம்பத்தின் நிழலில் நாம் வரிசை கட்டுவதைப் போல. நீல ஒளியை உணரும் போட்டோட்ராபின் என்ற புரதம்தான் விரட்டுகிறது. இப்படி ஒதுங்கத் தெரியாத மரபணுத் திரிபுச் செடிகளைக் கடும் வெளிச்சத்தில் வைத்தபோது அவை கருகியதை 2002-இல் ஜப்பானில் காட்டினார்கள்.

வீட்டில் செய்ய: மெல்லிய இலையாக எடு. கறுப்புத் தாளில் ஒரு கீறல் போட்டு இலை மேல் வைத்து, ஒரு மணி நேரம் வெயில் காட்டு. கீறல் வழியாக வெயில் பட்ட இடம் வெளிறித் தெரிய வேண்டும்.


நெல்லிக்குப்பம் பிளஸ் டூ | மே 28, மாலை 6:10

செய்தேன் சார். வெற்றிலையில் ஒன்றும் தெரியவில்லை, தடிப்பு அதிகம் போல. கிணற்றடியில் இருந்த புளியாரையை எடுத்தேன். அது என்னவென்றால் வெயில் பட்டதும் மூன்று இலையையும் குடை மாதிரி மடக்கிக்கொண்டது! இரண்டு தடவை தாள் நழுவி விழுந்தது. கடைசியில் கண்ணாடித் துண்டை வைத்து அழுத்திப் பிடித்து, அடியில் ஈரத்துணி வைத்து, நாற்பது நிமிடம் வைத்தேன். கீறல் இருந்த இடத்தில் மெல்லிசாக ஒரு வெளிர் கோடு. கண்ணுக்குத் தெரிந்தது, போட்டோவில் விழவில்லை. நிழலில் கொண்டுபோய் வைத்து அரை மணி கழித்துப் பார்த்தால் கோட்டைக் காணோம். அம்மா, நான் வேலை இல்லாமல் இருப்பதாகச் சொல்கிறார்.


பச்சையம் | மே 28, இரவு 8:00

கோடு மறைந்ததுதான் முக்கியம் தம்பி. காயமாக இருந்தால் அரை மணியில் மறையாது. இடம் மாறிய பசுங்கணிகம் திரும்பி வந்திருக்கிறது. அக்காவின் வெற்றிலை வெளுப்பு மறையாததற்கும் உன் கோடு மறைந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை நோட்டில் எழுதி வை. புளியாரை மடங்கியதும் வீண் தொந்தரவு இல்லை, அது இன்னொரு தற்காப்பு. வெயிலுக்கு முகம் காட்டாமல் விளிம்பைக் காட்டுகிறது. மத்தியானம் தட்டைப்பயறு வயல் பக்கம் போனால் இலையெல்லாம் செங்குத்தாக நிற்பதைப் பார்க்கலாம்.

நடுவில் ஒரு படி சொல்ல விட்டுப்போயிற்று. வெயில் எவ்வளவு குறைந்தாலும் கொஞ்சம் காயம் நடந்துகொண்டேதான் இருக்கும். பச்சையம் பிடித்த வெளிச்சத்தை வேலைக்கு அனுப்பும் இயந்திரத்துக்கு 'ஒளித்தொகுதி இரண்டு' என்று பேர். அதன் நடுவில் டி1 என்று ஒரு புரதம், மற்றவற்றைக் காப்பாற்ற முதலில் உடைவது அதுதான். கடும் வெளிச்சத்தில் அதன் ஆயுள் மணிக்கணக்குதான். உடைந்ததைப் பிடுங்கி, புதிதாகச் செய்து, அதே இடத்தில் பொருத்தும் வேலை பகல் முழுக்க நடக்கும். உடைவது வேகமா, பொருத்துவது வேகமா என்ற பந்தயத்தில் தோற்ற இலைதான் வெளுக்கிறது.


வெள்ளாற்று முகத்துவாரம் | மே 29, காலை 11:20

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் படித்தவன். நிலத்துச் செடியையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், சேற்றையும் கொஞ்சம் பாருங்கள்.

ஓதம் வற்றிய நேரத்தில் வெள்ளாற்றுச் சேற்றுத் திட்டில் குனிந்து பார்த்தால், சாம்பல் சேற்றின் மேல் பொன்பழுப்பாக எண்ணெய் தடவின மாதிரி ஒரு பூச்சு தெரியும். விரலால் தொட்டால் வழுக்கும். அத்தனையும் டயட்டம் என்ற ஒற்றைச் செல் பாசி. உள்ளே இருந்து நொடிக்குச் சில மைக்ரான் வேகத்தில் வழுக்கி மேலே வந்தவை. தண்ணீர் திரும்புவதற்கு முன்பே கீழே இறங்கிவிடும். தட்டில் சேற்றை அள்ளி ஆய்வகத்தில் ஓதமே இல்லாமல் வைத்தாலும் சில நாளுக்கு அதே நேரத்துக்கு மேலே வரும், உள்ளே கடிகாரம் இருக்கிறது. வெயில் மிஞ்சினால் அரை மில்லிமீட்டர் கீழே இறங்கிச் சேற்றையே குடையாக்கிக்கொள்ளும். இறங்க முடியாதபோது நிறமிச் சுழற்சி உண்டு. பச்சையம் சார் சொன்ன வயலாசாந்தின் வேலையை இவற்றில் டையாடினோசாந்தின் பார்க்கிறது.

பிச்சாவரத்தில் படகில் போகிறவர்கள் குரங்கைப் பார்க்கிறார்கள், கொக்கைப் பார்க்கிறார்கள். சுரபுன்னையின் இலை நிற்கும் சாய்வை யாரும் பார்ப்பதில்லை. உச்சியில் வெயில் படும் இலை ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். உள்ளே நிழலில் இருக்கும் இலை படுக்கையாக இருக்கும். உப்புத் தண்ணீரில் நிற்கிற மரத்துக்குத் தண்ணீரை ஆவியாக்கி இலையைக் குளிர்விக்கும் ஆடம்பரம் கட்டுபடியாகாது, அதனால் சாய்ந்தே சமாளிக்கிறது.


நீலப்பச்சைத் தொட்டி | மே 29, இரவு 9:00

வீட்டில் சின்ன அளவில் ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசி வளர்க்கிறேன், ஆரோவில் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஆசை. போன மே மாதம் ஒரு தொட்டி முழுக்க மஞ்சளாகி நாறிப்போனது. பயிற்சி கொடுத்த இடத்தில் கேட்டால் உப்பு சரியில்லை, சோடா சரியில்லை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இந்த இழையைப் படித்த பிறகுதான் உறைக்கிறது. முதல் நாள் ஆசைப்பட்டுப் பாதிக்கு மேல் அறுவடை செய்துவிட்டேன். தொட்டி தண்ணீராகிவிட்டது. அடர்த்தியாக இருக்கும்போது மேலே இருக்கும் பாசி இழை கீழே இருப்பதற்கு நிழல். மெலிந்த தொட்டியில் எல்லோருமே மொட்டை வெயிலில். சரிதானா?


வெள்ளாற்று முகத்துவாரம் | மே 29, இரவு 9:35

சரிதான். கத்திரியில் ஒரு தடவைக்குக் கால்வாசிக்கு மேல் எடுக்காதீர்கள், எடுத்த அன்று பச்சை வலையை இழுத்துவிடுங்கள், கலக்கிக்கொண்டே இருங்கள். கலக்கினால் ஒவ்வோர் இழையும் கொஞ்ச நேரம் மேலே, கொஞ்ச நேரம் கீழே.

உங்கள் ஸ்பைருலினாவுக்கும் ஷட்டர் உண்டு, ஆனால் வேறு கம்பெனி. ஆரஞ்சு கரோட்டினாய்டு புரதம் என்று பேர். நீலவெளிச்சம் பலமாகப் பட்டால் ஆரஞ்சிலிருந்து சிவப்பாகி, வெளிச்சத்தைப் பிடிக்கும் விசிறி மேல் போய் ஒட்டிக்கொண்டு ஆற்றலைச் சூடாக்கிவிடும். அந்தப் புரதத்தின் அமைப்பை 2003-இல் முதலில் படிகமாக்கிப் பார்த்ததே ஸ்பைருலினா குடும்பத்து ஆளிடமிருந்து எடுத்துத்தான்.

இந்த நீலப்பச்சைக் கூட்டத்தில் நிறத்தையே மாற்றிக்கொள்ளும் ஆட்களும் உண்டு. சிவப்பு வெளிச்சத்தில் வளர்த்தால் நீலப்பச்சை, பச்சை வெளிச்சத்தில் வளர்த்தால் செங்கல் சிவப்பு. கைடுகோவ் என்ற ரஷ்யர் 1902-இலேயே எழுதிவிட்டார். எந்த நிறம் கிடைக்கிறதோ அதைப் பிடிக்க ஏற்ற நிறமியைச் செய்துகொள்ளும். ஸ்பைருலினாவிடம் இந்த வித்தை எதிர்பார்க்க வேண்டாம்.


கீரைப்பாத்தி | மே 30, காலை 8:15

எனக்கு எதிர்ப்பக்கத் தொல்லை. அடுக்குமாடி, கிழக்குப் பால்கனி. அரைக்கீரை விதைத்தால் நூல் மாதிரி நெட்டையாக வளர்ந்து சாய்கிறது. வெளிச்சம் குறைந்தால் வளர்ச்சி குறைய வேண்டியதுதானே, ஏன் கூடுகிறது?


பச்சையம் | மே 30, இரவு 8:30

அது வளர்ச்சி இல்லை, ஓட்டம். இலை சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும், அதற்கு அடுத்துள்ள கடுஞ்சிவப்பை விட்டுவிடும். அதனால் வெட்டவெளியில் இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கும், மரத்தடியில் கடுஞ்சிவப்பு பல மடங்கு மிஞ்சிவிடும். இந்த விகிதத்தை அளக்கச் செடியில் பைட்டோகுரோம் என்று ஒரு நிறமி இருக்கிறது. அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் என்ற இடத்தில் 1952-இல் லெட்யூஸ் விதையை வைத்துச் சிவப்பு, கடுஞ்சிவப்பு என்று மாற்றி மாற்றிக் காட்டித்தான் இதைப் பிடித்தார்கள். விகிதம் மாறினால் யாரோ மேலே இருக்கிறார்கள் என்று செடி முடிவு செய்து, இலைக்கு வைத்திருந்த காசைத் தண்டில் போட்டு மேலே ஓடும். பக்கத்துச் செடியின் இலையில் பட்டுத் திரும்பும் கடுஞ்சிவப்பை வைத்து, நிழல் விழும் முன்பே ஓடத் தொடங்கும்.

உங்கள் பால்கனியில் மறைப்பது மரமா, கட்டடமா? கட்டடம் என்றால் விகிதம் அவ்வளவு மாறாது, வெறுமனே வெளிச்சப் பஞ்சம். எப்படியிருந்தாலும் நெருக்கி விதைக்காதீர்கள். நாற்றுகளே ஒன்றுக்கொன்று நிழலாகி ஓட்டப்பந்தயம் நடத்துகின்றன.


தளிர் | மே 31, காலை 6:40

மாந்தளிர் மேனி என்று பாடம் நடத்தியே முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன். தளிர் ஏன் சிவப்பு என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அரசும் வேம்பும்கூட அப்படித்தான். அதுவும் வெயிலுக்குத்தானா?


பச்சையம் | மே 31, காலை 7:30

பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறோம் ஐயா. தளிரில் சர்க்கரை செய்யும் மதகு இன்னும் கட்டி முடியவில்லை, வெயில் மட்டும் முழுதாக விழுகிறது. அதுவரைக்கும் ஆந்தோசயனின் என்ற சிவப்புச் சாயம் திரை போட்டுக் கொடுக்கிறது. இலை முற்ற முற்றத் திரையை இறக்கிவிடும். பூச்சிகளை விரட்டத்தான் சிவப்பு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், எனக்கு அதில் சண்டை இல்லை.


பாகூர் மடை | மே 31, இரவு 9:10

அந்தச் சோம்பேறி ஷட்டருக்கு வருகிறேன். இறக்க ஆள் இல்லை என்றால் ஆளைப் போடலாமே? யாரும் முயலவில்லையா?


பச்சையம் | மே 31, இரவு 10:00

போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகக் குழு, திறக்கும் நொதி, மூடும் நொதி, பி.எஸ்.பி.எஸ். புரதம் மூன்றையும் புகையிலையில் கூட்டி வயலில் நட்டது. 2016-இல் வந்த முடிவு: செடியின் உலர் எடை சுமார் 15 சதவீதம் கூடியது. அப்புறம் சோயாவில் செய்து 2022-இல் வெளியிட்டார்கள், விளைச்சல் சராசரியாக 24 சதவீதத்துக்கு மேல் கூடியதாக. அதே ஆய்வில் மறு வருஷம் பயிர் சாய்ந்து போய், கூடுதல் தெரியவில்லை. நடுவில் ஜெர்மனியில் அரபிடாப்சிஸ் என்ற சோதனைச் செடியில் இதே மூன்றையும் போட்டுப் பார்த்தார்கள். ஷட்டர் வேகமாக மூடியது, செடி பெரிதாகவில்லை. ஆகவே இதை இன்னும் நெல் வரைக்கும் இழுத்துப் பேசத் துணிய மாட்டேன். நம் ஊர் வெயிலும் நம் ஊர் மேகமும் இல்லினாயில் இல்லை.


சுண்ணாம்பு டப்பா | மே 31, இரவு 10:08

புகையிலையில் செய்தாகிவிட்டது, வெற்றிலையில் எப்போது? ஜோடி பிரியக்கூடாது.


முத்தியால்பேட்டை மாடி | ஜூன் 14, மாலை 6:25

எல்லோருக்கும் பதில் சொல்ல நேரமாகிவிட்டது, மன்னிக்கவும். பண்ருட்டி ஐயா சொன்ன மாதிரி கீற்றுக்குப் பதில் பழைய வேட்டியைக் கட்டினேன். வாரத்துக்கு ஒரு முழம் சுருட்டிக்கொண்டே வந்து, நேற்று மொத்தமும் அவிழ்த்தாயிற்று. வெளுத்த இலைகள் தேறவில்லை, பாதி உதிர்ந்துவிட்டன. அந்த நிழல் அச்சு விழுந்த இலையைப் புத்தகத்துக்கு நடுவில் வைத்திருக்கிறேன். புதுசு மட்டும் இருபத்து மூன்று இலை.

இன்று மாமியார் அதில் ஒன்றைக் கிள்ளி, காம்பைப் பிய்த்து, சுண்ணாம்பு தடவிப் போட்டுப் பார்த்தார். மென்றுகொண்டே இருந்தார். "காரம் தூக்கல், தோலு மட்டும் மாட்டுத்தோலு. பழைய இலை நாக்கிலேயே கரையும்" என்றார். இரண்டு மூன்று அடுக்கு தூண் செல் என்று விளக்கப் போனேன். "எத்தனை அடுக்கோ, பல்லுக்குத்தானே தெரியுது" என்று துப்பப் போய்விட்டார்.


பண்ருட்டி பலா | ஜூன் 14, இரவு 7:40

அம்மா, கொடியின் வடக்குப் பக்கம் ஓர் அகத்தி விதை போட்டுவையுங்கள். இல்லை, தெற்குப் பக்கம். வடக்கில் போட்டால் நிழல் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும். வரும் ஞாயிறு காந்தி வீதிச் சந்தைக்கு வருகிறேன், விதை என்னிடம் இருக்கிறது.